விடிந்தால் புதன்

குடலைப் பிரட்டிக் கழுவ ஈர்க்குச்சி போதாது, குடைக்கம்பிதான் சரி. பழைய குடையிலிருந்து ஒடித்து வைத்திருந்த கம்பியை ஆட்டுக்குடலின் ஒரு வாயில் நுழைத்து, தலையணை உறையைக் கழற்றுவது போல உள்பக்கம் வெளியே வரும்படி இழுத்துக்கொண்டிருந்தாள் கலாமணி. ஆடு கடைசியாக மேய்ந்தது பச்சையும் பழுப்புமாக வழிந்து, குழாய்த் தண்ணீரில் கரையாமல், சாக்கடைச் சல்லடையில் போய் அடைத்துக்கொண்டது. சமையல்கட்டுக் கடிகாரத்தில் ஒன்பது பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை. பத்தரைக்கு இன்னும் ஒரு மணி நேரம் பதினெட்டு நிமிடம். பத்தரை தாண்டிப் பதினேழு நிமிடம் போனால்தான் அவள் புருஷன் நல்லசிவம் வாயைத் திறப்பார். அந்தப் பதினேழு நிமிடத்தை நினைக்கும்போதெல்லாம் கம்பியை இன்னும் ஓர் இழுப்பு இழுத்தாள். காலையில் ஆறரைக்கே அவர் போய்க் குடல் வாங்கிக்கொண்டு வந்து, பையைச் சமையல்கட்டுக் குழாயில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். ஒரு வார்த்தை இல்லை. குடல் வாங்குவது பேச்சு ஆகாது. தின்பதும் ஆகாது. பல் குத்துவது, ஏப்பம் விடுவது, காறுவது எதுவுமே பேச்சு ஆகாது. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் சந்திரன் துலா ராசிக்குள் போனது முதல் இந்த வீட்டில் அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் அவைதான். கூடவே 'ம்'. 'ம்'மில் நாலு வகை. சோறு போடு என்று ஒரு 'ம்', போதும் என்று ஒரு 'ம்', மின்விசிறியைக் குறை என்று இழுத்த 'ம்', நீ சொல்வது என் காதில் விழுந்தது, ஆனால் விழவில்லை என்று மூக்கால் விடுகிற நாலாவது. நாலாவதைக் கேட்கும்போது அவளுக்குக் கரப்பான்பூச்சி காலில் ஏறுவது போல இருக்கும்.

தினசரிக் காலண்டரில் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பான், சந்திராஷ்டமம் என்று. அவரவர் பிறந்த ராசிக்கு எட்டாவது ராசியில் சந்திரன் இருக்கிற ரெண்டே கால் நாள். மனசு நிலையில் இருக்காது, வாய் தடிக்கும், முக்கியமான பேச்சு வேண்டாம் என்பார்கள். ஊரில் எல்லாரும் பார்ப்பதுதான். வண்டியை மெதுவாக ஓட்டுவார்கள், பத்திரப் பதிவைத் தள்ளிப்போடுவார்கள், அத்தோடு சரி. நல்லசிவம் மின்வாரியத்தில் மீட்டர் பரிசோதிக்கிறவர். எதையும் தசம ஸ்தானம் வரைக்கும் பார்ப்பார். கல்யாணமான மூன்றாம் மாதம், மாமியார் வீட்டுக் கிடா வெட்டில் நாலு பேர் முன்னால் அவள் ஏதோ எதிர்த்துச் சொல்லிவிட்டாள் என்று (என்ன சொன்னாள் என்பது இப்போது இருவருக்குமே நினைவில்லை) அவளுடைய ஜாதகக் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரேவதி நட்சத்திரம், மீன ராசி. மீனத்துக்கு ரெண்டாமிடம் மேஷம், அதுதான் வாக்கு. அந்த வாக்கைத் துலாத்தில் இருக்கிற சனி ஏழாம் பார்வையாக நேருக்கு நேர் பார்க்கிறது. "இது சனி பாத்த வாயி" என்றார். வைவது போலக்கூட இல்லை. மீட்டரைத் திறந்து பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். அன்றைக்கு அவளுக்கு ஒரு மாதிரி நிம்மதியாகக்கூட இருந்தது, தப்பு தன்னுடையதில்லை, எங்கேயோ மேலே இருக்கிறது என்று. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வாயில் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு. பதினைந்து வருஷம். மீனத்துக்கு எட்டாமிடமான துலாத்தில் சந்திரன் இருக்கிற நாளெல்லாம் அவளிடம் பேச்சே கிடையாது, வருஷத்துக்கு முப்பது நாள் வாயடைப்பு. மீதி நாட்களில் அவள் என்ன சொன்னாலும் சொன்னது சனிதான், அவளில்லை. மழை வரும்போல இருக்குதுங்க என்றால் சனி பேசுது. தலைவலிக்குதுங்க என்றால் சனி பேசுது. கண் ஆஸ்பத்திரியில் அவள் பார்க்கிற வேலையே தொலைபேசியில் பேசுவதுதான். நாளொன்றுக்கு இருநூறு பேருக்கு முன்பதிவு போடுகிறாள், அம்மிணி உங்க பேச்சுக் கேட்டாலே பாதி கண்ணு தெரியுதுங்க என்று ஒரு பெரியவர் பவானியிலிருந்து சொன்னார். அதை ஆசையாக வந்து சொன்னபோது நல்லசிவம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது தொழில் ஸ்தானம், கணக்கே வேற" என்றார். அவருடைய சொந்த ராசிக்கு எட்டில் சந்திரன் வருகிற நாட்களில் மட்டும் அவர் தாராளமாகப் பேசுவார். மனோதிடத்தால் அதைத் தாண்டிவிட்டாராம். பக்கத்து இருக்கைப் பர்வீனிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் தலைக்கருவி கழன்று விழுந்தது. "உங்களுக்காவது மாசத்துக்கு ரெண்டே கால் நாளுக்கா. எங்க வீட்டுல ரிமோட்டு அவரு கையில இருக்குற நாளெல்லாம் சந்திராஷ்டமந்தான்." கலாமணியும் சிரித்தாள். சிரித்துவிட்டு, அன்றைக்கு மதியம் டப்பாவைத் திறந்து சோற்றைப் பார்த்தவள் அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

அலைபேசியைப் பால்கவரில் போட்டு மஞ்சள்தூள் டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்தாள், கை ஈரம் படாமல். கவருக்குள்ளிருந்து அந்தப் பிள்ளை அவளை முறைத்துக்கொண்டிருந்தது. ரெண்டு வயசு நாலு மாசம். உத்தேசமாக. பல்லை எண்ணிப் பார்த்து டாக்டர் போட்ட வயசு. பஸ் நிலையத்தில் ஒரு துணிப்பையோடு கிடைத்தது. இல்லத்தில் வைத்த பெயர் எழில். ஒட்ட வெட்டின தலை, ஒரு காது கொஞ்சம் மடங்கியிருக்கிறது, மூக்கு ஒழுகி மேலுதட்டில் காய்ந்திருக்கிறது. படம் எடுத்தவர் மேல் ஏதோ கோபம். அந்த மூக்குச்சளி மட்டும் அவளுக்கு அருவருப்பாக இல்லை, இந்த மூன்று நாளில் பார்த்ததிலேயே அது ஒன்றுதான். தத்தெடுப்புக்கு ரெண்டு பேரும் சேர்ந்துதான் பதிந்தார்கள், நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை குரு ஓரையில். அவரே நேரம் குறித்து, அவரே படிவம் நிரப்பி, குடும்பத் தலைவர் என்று தன் எண்ணையே கொடுத்தார். மூன்று முறைதான் குழந்தை காட்டுவார்கள். காட்டின நேரத்திலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஏற்கிறோம் என்று அழுத்த வேண்டும். முதலில் வந்தது ஒரு பையன், ஆஸ்பத்திரியில் பிறந்தவன், பிறந்த நிமிஷம் வரைக்கும் கோப்பில் இருந்தது. அதை வைத்து இவர் கட்டம் போட்டார். "இவனோட செவ்வாய் எனக்கு நாலாமிடத்த எட்டாம் பார்வையாப் பாக்குது. அப்பனும் மகனும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க." ஆறு மாதப் பிள்ளை. அதன் மூஞ்சி. அதை வேண்டாமென்று அழுத்தியபோது அவர் விரலில் பஜ்ஜி எண்ணெய் இருந்தது, திரையில் ஒரு ரேகை விழுந்தது, அவள் அந்த ரேகையைத் துடைக்காமல் ரெண்டு நாள் வைத்திருந்தாள். ரெண்டாவது போன ஐப்பசியில். காலண்டர்ப்படி வாயடைத்த நாட்களில் வந்தது. அவர் பேசட்டும் பேசட்டும் என்று அவள் காத்திருந்தாள். நாற்பத்தெட்டாவது மணி நேரத்தில் படம் போய் அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் நின்றது. மறுநாள் காலையில் சந்திரன் நகர்ந்ததும் அவர் காப்பியை உறிஞ்சிக்கொண்டு வந்து, "என்னமோ சொல்லோணும்னு நின்னியே, என்னது?" என்றார். அவள் குளியலறைக்குப் போய் வாந்தியெடுத்தாள். பித்தமா இருக்கும், இஞ்சி தட்டிப் போட்டுக்கோ என்று கதவுக்கு வெளியிலிருந்து அக்கறையாகச் சொன்னார். இது மூன்றாவது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வந்தது. இதை விட்டால் பெயர் வரிசையின் வாலுக்குப் போய்விடும், அவளுக்கு நாற்பத்திரண்டு முடிந்துவிட்டது, வால் திரும்பத் தலைக்கு வருகிற வரைக்கும் சட்டத்தின் வயசு வரம்பு அவளுக்காகக் காத்திருக்காது.

வெந்நீரை ஊற்றிச் சுரண்டினால் இரைப்பையின் கருந்தோல் கிழிந்த துண்டு மாதிரி உரிந்து வரும். கொதிநீர் பட்டதும் எழுகிற வாடை முகத்தில் அடித்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பத்து நாற்பத்தொன்றுக்கே அவருக்குப் படத்தை அனுப்பிவிட்டாள், நீலக்குறி விழுந்தது, பதில் இல்லை. எழுத்தும் வாக்குதான். சாயந்திரம் தட்டுக்குப் பக்கத்தில் அலைபேசியை வைத்தாள். புறங்கையால் அதைத் தள்ளிவிட்டு உப்பை எடுத்துக்கொண்டார். நேற்று, "ஏனுங்க, நேரம் போயிட்டிருக்குதுங்க, ஒரே ஒரு வார்த்தை" என்றாள். நாலாவது 'ம்'. இப்போது கூடத்தில் உட்கார்ந்து என்ன செய்கிறார் என்று பார்க்காமலே அவளுக்குத் தெரியும். பனியனில் இடதுபக்கம் ஓட்டை. ஈரிழைத் துண்டு தோளில். ஊக்கால் பல்லைக் குத்தி, குத்தி எடுத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, காலண்டரிலிருந்து கிழித்த நேற்றைய தாளில் துடைப்பார். நேற்றைய தாளில் சாமி படம் இருந்தால் பின்பக்கத்தில் துடைப்பார், பயபக்தியுள்ளவர். இந்த மனிதரை அவள் வெறுக்கிறாளா? வெறுப்பு என்பது பெரிய சாமான். அதற்கு ஒரு மரியாதை உண்டு. இது அதுவல்ல. சோற்றில் ரோமம் கிடந்தால் ரோமத்தின் மேல் யாரும் வெறுப்பு வைப்பதில்லை, எடுத்துப் போட்டுவிட்டுத் தொடர்ந்து சாப்பிடுகிறார்கள், ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வாயும் நாக்கால் தேடித் தேடித்தான் இறங்கும். அப்படி. பதினைந்து வருஷமாக நாக்கால் தேடிக்கொண்டிருக்கிறாள். ஆனால் சத்தியத்தைச் சொல்ல வேண்டுமென்றால் ரோமம் அவர் மட்டும் இல்லை.

ரெண்டு மாதத்துக்கு முன்னால் தத்தெடுப்புப் பதிவைப் புதுப்பிக்கப் பிறப்புச் சான்று கேட்டார்கள். பள்ளிக்கூடச் சான்றிதழில் மே பதினொன்று என்று இருந்தது. ஜாதகத்தில் மே பத்து. சேர்க்கும்போது வாத்தியார் ஒரு நாள் தள்ளிப் போட்டுட்டார், ஜாதகத்துல இருக்கறதுதான் நெசம் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக் கேட்டு வளர்ந்தவள். யார் வீட்டில்தான் பள்ளிக்கூடத் தேதி சரியாக இருக்கிறது? கோபி நகராட்சியில் எழுதிக் கொடுத்து வாங்கின சான்றிலும் பதினொன்றுதான் இருந்தது. விடியற்காலை மூன்று பத்து. புதன்கிழமை. அப்பாவுக்கு அழைத்தாள். தம்பி வீட்டில் இருக்கிறார், காது மந்தம், கத்திக் கேட்க வேண்டும். "நீ பொறந்தது செவ்வாக்கெழம ராத்திரி கண்ணு. விடிஞ்சாப் பொதன்" என்றார். "சோசியருக்கு என்னனுங்கப்பா எழுதிக் குடுத்தீங்க?" "அப்பிடியேதான். செவ்வாய் ராத்திரி மூணு பத்துன்னு டைரியில இருந்தத அப்பிடியே குடுத்தேன். ஏன் கண்ணு?" ஒன்றுமில்லீங்கப்பா என்று வைத்துவிட்டாள். பொழுது விடிந்தால்தானே நம்மாட்களுக்கு நாள் பிறக்கும். விடியாத வரைக்கும் அது செவ்வாய் ராத்திரிதான். ஜோசியர் இங்கிலீஷ் தேதியைப் பார்த்தார், செவ்வாய் பத்தாம் தேதி, மூன்று பத்து, போட்டுவிட்டார். ஒரு முழு நாள் முந்தி. அவள் பிறப்பதற்கு இருபத்துநாலு மணி நேரத்துக்கு முன்னால், அவள் அம்மா இன்னும் வலியே எடுக்காமல் எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த ராத்திரியில், இவளுக்கு ஒரு ஜாதகம் பிறந்துவிட்டது. அந்த ஜாதகத்தைத்தான் நல்லசிவம் கட்டிக்கொண்டார். நல்லசிவத்தின் கணிப்பொறியிலேயே அவர் இல்லாதபோது சரியான தேதியைப் போட்டுப் பார்த்தாள். அசுவினி. மேஷ ராசி. வாக்கு ஸ்தானம் ஒரு வீடு தள்ளி ரிஷபத்துக்குப் போய்விட்டது. சனிக்கு அங்கே பார்வையே இல்லை. விருச்சிகத்திலிருந்து குரு ஏழாம் பார்வையாகப் பார்த்துக்கொண்டிருந்தது, அன்றிலிருந்து இன்றுவரை, நிதானமாக. இனிய சொல்லும் நல்ல வாக்கும் உடையவர் என்று கணிப்பொறி கீழே அச்சடித்திருந்தது. அதைப் படித்ததும் அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, வாய் முழுக்க இரும்புச் சுவை வந்தது.

சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சாயந்திரம் தாளை முன்னால் வைத்து, பாருங்க என்றிருக்கலாம். இந்த இடத்தில்தான் கம்பி சிக்கிக்கொள்கிறது. அவள் சொல்லவில்லை. சான்றை மின் அடுப்பு, மிக்சி உத்தரவாத அட்டைகளோடு சேர்த்து ஒரு நெகிழிப் பைக்குள் வைத்துவிட்டு, ரெண்டு மாதமாக அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சட்டைக்காலரில் கம்பளிப்பூச்சி ஊர்வதைப் பார்த்துக்கொண்டே சொல்லாமல் இருப்பது போல. அவர் காலண்டரைப் பார்த்து வாயை மூடுவதும், தாள் சொன்ன நிமிஷத்தில் வாயைத் திறப்பதும். அதில் ஒரு ருசி இருந்தது, அழுகின பழத்தில் இருக்குமே, அந்த ருசி. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மேஷத்துக்கு எட்டாமிடம் விருச்சிகம். சந்திரன் துலாத்தை விட்டுக் கிளம்பினதும் போகிற அடுத்த ராசி. அதாவது இந்த மனிதர் ரெண்டே கால் நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு, எந்த நிமிஷத்தில் திறந்தாரோ அந்த நிமிஷத்தில்தான் அவளுடைய உண்மையான கெட்ட நேரம் ஆரம்பித்திருக்கிறது. மாதா மாதம். பிசகாமல். அப்படியானால் அவர் சோற்றுத் தட்டை வீசின அந்தப் பொங்கல்? தேடிப் பார்த்தாள். விருச்சிகத்தில் சந்திரன். அவள் மூன்று நாள் அம்மா வீட்டில் போய் உட்கார்ந்தது? விருச்சிகம். உன்ற வயித்துல ஒன்னும் தங்காததுக்கும் அந்த வாய்தான் காரணம் என்று அவர் சொன்ன நாள்? விருச்சிகம். நாலாவது சண்டையும் விருச்சிகம். ஐந்தாவது சண்டை மட்டும் பொருந்தவில்லை, சந்திரன் எங்கேயோ கடகத்தில் இருந்தது, அதற்கு அவள் என்ன செய்தாள்? செவ்வாயின் எட்டாம் பார்வையைக் கொண்டுவந்து பொருத்தினாள்! ஆஸ்பத்திரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் பேனா, டிஷ்யூ தாளில் பன்னிரண்டு கட்டம். பொருந்தினதும் மனசுக்குள் ஒரு சின்ன க்ளிக். பர்வீன் எட்டிப் பார்த்து, "என்னக்கா, நீங்களுமா?" என்றாள். கலாமணி தாளைக் கசக்கிக் குழம்பில் போட்டு மூடிவிட்டாள். பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தால் ஒருத்தர் வேர்வை இன்னொருத்தர் தலையணையில் ஏறாமல் போகுமா? தன் வாய்க்குள் அவர் நாக்கு இருப்பது போல இருந்தது. தட்டை வீசினது அவர் கை. சொன்னது அவர் வாய். அதை விருச்சிகத்தின் தலையில் கட்டி, அவரைத் தப்ப விட்டுக்கொண்டிருக்கிறாளே, அவள் யார்?

ஒன்பது ஐம்பத்தைந்து. மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்க்கத் தேய்க்கக் குடல் வெளுத்தது, வாடை போகவில்லை, அது விரலிடுக்கில் குடியேறிவிட்டது. இந்த வீட்டுக்கா அந்தப் பிள்ளையைக் கூட்டி வரப்போகிறாள்? ஒருத்தர் காலண்டர் பார்த்துப் பேசுகிற வீடு, ஒருத்தி ஒளித்து வைத்துப் பார்க்கிற வீடு. எதற்காக அந்தப் பிள்ளை வேண்டும் என்று நேர்மையாகக் கேட்டுக்கொண்டாள். பால் கொடுக்கவா, பள்ளிக்கூடம் அனுப்பவா? அதெல்லாம் இல்லை. பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அவள் மழை வரும்போல இருக்குது என்றால் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிற ஓர் ஆள். சீ, அதற்காக ஒரு பிள்ளையா, தாகத்துக்குக் கிணறு வெட்டின மாதிரி. சீ என்று தோன்றின பிறகும் வேண்டும் என்பது போகவில்லை. வாடை மாதிரியே அதுவும் விரலிடுக்கில் நின்றது. பால்கவருக்குள் முறைப்பு மாறவே இல்லை. குக்கரில் குடலை அள்ளிப் போட்டு, கையைச் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவி, முகர்ந்து பார்த்து, நாலாவது தரம் கழுவினாள். பத்து பதினைந்து. ஏற்கிறோம் என்ற இடத்தை அழுத்தினாள். பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது என்றது. கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியில், டிங் என்று ஒரு சத்தம்.

அவள் போய் நின்றபோது அவர் உள்ளங்கையை அலைபேசியின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார். சுவரில் ஓடின பல்லியை எங்கேயும் போய்விடாமல் மூடிப் பிடித்தது போல. "ஏனுங்க, அந்த நம்பரச் சொல்லுங்க" என்றாள். தலையை ஆட்டினார். சுவர்க் கடிகாரத்தைக் கண்ணால் காட்டினார். "பத்தரையோட முடியுதுங்க. பத்தே முக்காலுக்கு நீங்க பேசி என்னுங்க பண்றது?" நாலாவது 'ம்'. அவள் அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள். பாக்கும் பழைய காப்பியும் கலந்த மூச்சு. மூக்கு நுனியில் சந்தனம் உதிர்ந்து ஒட்டியிருந்தது. "செரி. வேண்டாம்னு வாயத் தொறந்து சொல்லுங்க. ஒரே வார்த்தை. சொன்னா இந்த நிமிசமே விட்டர்றேன், சத்தியமா விட்டர்றேன்." அவர் வாய் லேசாக அசைந்தது. வரும் என்று நினைத்தாள். ஆனால் கண் அவள் மேல் இல்லை, கடிகாரத்தின் மேல் இருந்தது, அந்தக் கண்ணில் பயமோ பக்தியோ துளிகூட இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவனின் கண். இன்னும் பத்து நிமிஷம், ஒன்பது, தானாகவே போய்விடும், யாரும் எதுவும் சொன்னதாகாது. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஐப்பசியிலும் இதே கண்தான். சந்திரனாவது சனியாவது. இவருக்கு வேண்டாம் என்று சொல்கிற வேலை கூட ஆகாது, அதையும் மேலே இருக்கிற ஒன்று செய்துகொடுக்க வேண்டும். பதினைந்து வருஷமாக ஒரு கோளும் இந்த வாயை அடைக்கவில்லை. வாய் தானே மூடிக்கொண்டு கோளைக் காவலுக்கு நிறுத்தியிருந்தது. குக்கர் முதல் விசில் விட்டது. குடல் வேகிற வாடை கூடம் வரை வந்தது, அவர் மூக்கு அதை முகர்ந்து விரிந்ததை அவள் பார்த்தாள்.

பத்து இருபத்திரண்டு. உள்ளே போனாள். உத்தரவாத அட்டைகளுக்கு நடுவிலிருந்து சான்றை உருவிக்கொண்டு வந்து அவர் மடியில் போட்டாள். "நான் ரேவதி இல்லீங்க" என்றாள். "செவ்வாய் ராத்திரி, விடிஞ்சாப் புதன். ஜாதகம் எழுதின சோசியர் ஒரு நாள் முந்திப் போட்டுட்டாரு. பதினஞ்சு வருசமா நீங்க பாத்தது என்ற ஜாதகமே இல்ல." அவர் குனிந்தார். ஒரு கையால் தாளை எடுக்கப் பார்த்தார், பொடி எழுத்து, தேதி எங்கே, நேரம் எங்கே, இன்னொரு கையும் தேவைப்பட்டது. அந்தக் கை அலைபேசியை விட்டு எழுந்து வந்தது. ரெண்டு கையாலும் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார், பல்லில் குத்தி எடுத்ததைப் பார்ப்பாரே, அதே மாதிரி. உதடு அசைய ஆரம்பித்தது. கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுவில் ஏறி இறங்கி எண்ண ஆரம்பித்தது. மீனம், மேஷம், ரிஷபம். அவள் அவருடைய அலைபேசியை எடுத்தாள். இளஞ்சூடாக, ஈரமாக இருந்தது, புடவையில் ஒரு தரம் துடைத்தாள். ஆறு எண். பதற்றமில்லாமல், ஆஸ்பத்திரியில் நோயாளி எண் அடிப்பது போல, ஒவ்வொன்றாகத் தன் அலைபேசியில் அடித்தாள். சக்கரம் சுற்றியது. நின்றது. தங்கள் ஒப்புதல் பதிவு செய்யப்பட்டது. பத்து இருபத்தாறு. அவர் நிமிரவில்லை. இருபது நாளுக்குள் தத்தெடுப்புக் கமிட்டி முன்னால் ரெண்டு பேரும் போய் நின்று வாயால் சொல்ல வேண்டும், அது அவளுக்கும் தெரியும், அதற்குள் இன்னும் எத்தனை கிரகம் வேண்டுமானாலும் நகரலாம். இருந்தாலும் படம் போகவில்லை. சாம்பல் வட்டம் வரவில்லை. அவருடைய அலைபேசியை நாற்காலிக் கைப்பிடியில் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"அப்ப நீ அசுவினியா?" என்றார் நல்லசிவம். ரெண்டு நாளுக்கு மேல் அடைத்துக் கிடந்த குரல், கோழை கட்டி, உடைந்து வந்தது. கடிகாரத்தில் பத்து இருபத்தொன்பது. இன்னும் பதினெட்டு நிமிஷம் இருந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை. முகமெல்லாம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. பிள்ளைக்காகத் திறக்காத வாய் நட்சத்திரத்துக்காகத் திறந்துவிட்டது. "மேசம்! அப்ப வாக்கு ரிசபம். குரு பாக்கறானே, ஏழாம் பார்வையா! அடேயப்பா, உனக்கு வாக்குச் சுத்தமாச்சே கலா, இத்தன வருசம் தெரியாமப் போச்சே." கலா என்று கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று அவள் எண்ணப் போனாள், வேண்டாமென்று விட்டாள். "அப்ப பத்து நாப்பத்தேழுக்குத்தான் உனக்கு ஆரம்பிக்குது. பேசீராத. ரெண்டே கால் நாளு எதும் பேச்சு வெச்சுக்க வேண்டாம்." அப்புறம் ஏதோ உறைத்தது போல அலைபேசியைப் பார்த்தார், அதில் வந்திருந்த குறுஞ்செய்தியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நின்றாள். அவர் நெற்றியைச் சுருக்கி, கட்டைவிரலை மறுபடியும் விரல் கணுவில் வைத்துக்கொண்டார். "செரி, ஆனது ஆச்சு. அந்தப் புள்ள பொறந்த நேரம் என்ன? போட்டுப் பாத்தர்லாம்."

குக்கர் நாலாவது விசிலும் விட்டது. அவள் அடுப்பை அணைக்கப் போனாள், வாசற்படியில் நின்று திரும்பினாள். பவானிப் பெரியவருக்கு நேரம் சொல்வது போல, அவசரமில்லாமல், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்கும்படி சொன்னாள். "தெரியாதுங்க. நேரமும் தெரியாது, நாளும் தெரியாது. யாருக்குமே தெரியாதுங்க." கட்டைவிரல் நடுவிரலின் ரெண்டாவது கணுவில் அப்படியே நின்றது, மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. அவள் உள்ளே போய்க் கையை ஐந்தாவது தரம் கழுவினாள்.